பிரிக்காத மூணு கவரும் ராத்திரி மூணு மணி பயமும்

கேள்வி: ஸ்தோத்திரம் அக்கா. எனக்கு 41 வயசு. வீட்டுக்காரர் நடத்திட்டு இருந்த பிசினஸ் எட்டு மாசம் முன்னாடி நின்னு போச்சு. வீட்டு மேல லோன் இருக்கு, என் ஒரு சம்பளத்துல தான் குடும்பம் ஓடுது, பொண்ணு ஸ்கூல்ல கடைசி வருஷம். தினமும் ராத்திரி மூணு மணிக்கு டக்குனு முழிப்பு வந்துடுது, நெஞ்சு படபடன்னு அடிக்குது. எழுந்து ஹால்ல உக்காந்து போன்ல பேங்க் பேலன்ஸ் பாக்குறேன், அப்புறம் பைபிளை எடுத்து கண்ணை மூடிட்டு ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து வசனம் பாக்குறேன், நல்ல வசனமா வந்தா கொஞ்ச நேரம் நிம்மதி, இல்லைன்னா மறுபடியும் திறக்குறேன். பேங்க்ல இருந்து மூணு லெட்டர் வந்திருக்கு. அவர் கண்ணுல படக்கூடாதுன்னு நானே வாங்கி பீரோல துணிக்கு அடியில வச்சிருக்கேன், இன்னும் பிரிக்கல, பிரிக்க கை வரமாட்டேங்குது. தினமும் பீரோ மேல கை வச்சு ஜெபம் மட்டும் பண்றேன். ஜெபக்குழுல ஒரு சிஸ்டர்கிட்ட பயமா இருக்குன்னு சொன்னதுக்கு, பயம் இருக்குன்னா விசுவாசம் இல்லைன்னு அர்த்தம், பயப்படுறது பாவம்னு சொல்லிட்டாங்க. அன்னைலேர்ந்து பயத்தோட குற்ற உணர்ச்சியும் சேந்துடுச்சு. நான் ஆண்டவரை நம்பலையா அக்கா? நம்புறதுன்னா நான் என்ன தான் பண்ணணும்?

பதில்: ஸ்தோத்திரம் சிஸ்டர். உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன். முதல் தடவை படிச்சப்ப மூணு மணி முழிப்பு தான் பெருசா தெரிஞ்சுது, ரெண்டாவது தடவை படிச்சப்ப அந்த பீரோ தான் கண்ணு முன்னாடி நிக்குது. அதனால நான் பீரோவுக்கு தான் வரப்போறேன், ஆனா நேரா இல்ல, கொஞ்சம் சுத்தி வரேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல அந்த ஜெபக்குழு சிஸ்டர் சொன்னது. அவங்க கெட்ட எண்ணத்துல சொல்லியிருக்க மாட்டாங்க, நம்மள்ல பாதி பேர் அடுத்தவங்க பயத்தைப் பாத்தா நமக்கே பதட்டமாகி ஏதாவது ஒரு வாக்கியத்தைத் தூக்கிப் போட்டு அந்தப் பேச்சை முடிச்சுடுவோம். ஆனா சொன்னது தப்பு. பைபிள்ல "பயப்படாதே"ன்னு வர்ற இடங்களை எடுத்துப் பாருங்க, (365 தடவை வருது, நாளுக்கு ஒண்ணுன்னு ஒரு கணக்கு சுத்திட்டு இருக்கும், எண்ணிப் பாத்தா அந்தக் கணக்கு வராது, அது வேற விஷயம்) அது பெரும்பாலும் யார்கிட்ட சொல்லப்படுதுன்னா ஏற்கெனவே கை கால் நடுங்கிட்டு இருக்கிற ஆள்கிட்ட. ராத்திரி குழந்தை அலறி எழுந்திருக்கும்போது அம்மா "பயப்படாத, நான் இருக்கேன்ல"ன்னு சொல்றாங்களே, அது சட்டமா? பயந்த குழந்தைக்கு தண்டனை இருக்கா? ஏசாயா 41:10ல "நீ பயப்படாதே"க்கு அடுத்தது "நான் உன்னுடனே இருக்கிறேன்"னு தான் வருது, "பயந்தா பாத்துக்கோ"ன்னு வரல. சங்கீதம் 56ல தாவீது "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்"னு சொல்றான். பயம் போன பிறகு நம்புவேன்னு சொல்லல பாருங்க, பயப்படுகிற நாளில்னு சொல்றான், ரெண்டும் ஒரே நாள்ல ஒரே நெஞ்சுக்குள்ள இருக்கு.

அதனால நீங்க நம்பலையான்ற கேள்விக்கு என் பதில், நீங்க பயப்படுறீங்கன்றதை வச்சு அதைச் சொல்லவே முடியாது. பயம் வர்றது உங்க கையில இல்ல. அந்தப் பயம் சொல்ற வேலையை எல்லாம் செஞ்சு குடுக்குறோமா இல்லையான்றது மட்டும் கொஞ்சம் நம்ம கையில இருக்கு. நான் பேசப்போறது அதைப் பத்தி தான்.

உங்களுக்கு யூதா தேசத்து எசேக்கியா ராஜா கதை தெரிஞ்சிருக்கும், சபைல கேட்டிருப்பீங்க, அசீரியா ராஜா சனகெரிப் மிரட்டி லெட்டர் அனுப்பினான், இவர் ஆலயத்துல விரிச்சு வச்சு ஜெபம் பண்ணார், ஒரே ராத்திரில அசீரியா படைல 1,85,000 பேர் விழுந்தாங்கன்னு. அப்படி சுருக்கமா சொல்லும்போது முக்கியமான பாதி விட்டுப்போகுது. 2 இராஜாக்கள் 18ம் அதிகாரம் 5ம் வசனத்துல இவரைப் பத்தி என்ன எழுதியிருக்குன்னா, ஆண்டவர் மேல வச்ச நம்பிக்கைல யூதா ராஜாக்கள்ல இவரை மாதிரி ஒருத்தர் இவருக்கு முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்லன்னு. அதுக்கு மேல சர்ட்டிபிகேட் யாருக்கு வேணும்? சரியா ஒன்பது வசனம் தள்ளி, 14ம் வசனத்துல, அதே ஆள் யூதாவோட லாகீஸ் ஊர்ல வந்து நின்ன அசீரியா ராஜாவுக்கு ஆள் அனுப்பி, நான் தப்பு பண்ணிட்டேன், திரும்பிப் போயிடுங்க, என் மேல என்ன சுமத்தினாலும் சுமக்குறேன்னு சொல்றார். அவன் 300 தாலந்து (அந்தக் காலத்து எடை அளவு) வெள்ளி, 30 தாலந்து பொன்னு கேக்குறான். இவர் கஜானா வெள்ளிய எல்லாம் எடுத்து, அதுவும் பத்தாம, தானே ஆலயக் கதவுல அடிச்சு வச்ச தங்கத் தகட்டை உரிச்சு எடுத்துக் குடுக்குறார்.

அப்புறம் என்ன ஆச்சு? வாங்கிட்டு அவன் போகல. பெரிய படையை அனுப்பிட்டான்.

நான் இருபது வருஷத்துக்கு மேல கவுன்சலிங் பண்றேன், பயம் எப்படி வேலை செய்யும்னு சொல்லிக்குடுக்க இதை விட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கல. பயத்துக்கு வரி கட்டினா பயம் திருப்தி ஆகாது. நீங்க முதல் கவரை பிரிக்காம துணிக்கு அடியில வச்சீங்கல்ல, அந்த நிமிஷம் ஒரு நிம்மதி வந்திருக்கும், நெஞ்சுல இருந்து ஏதோ இறங்கின மாதிரி. உங்க மூளை அதை நோட் பண்ணிக்கிச்சு, ஓஹோ கவரை ஒளிச்சா நிம்மதி, அப்போ கவர் ஆபத்தான பொருள் தான்னு. அதனால ரெண்டாவது கவர் வரும்போது முதல் கவரை விட பயம் ஜாஸ்தியா இருந்திருக்கும், மூணாவது கவர் வந்தப்ப அதைத் தொடவே கை நடுங்கியிருக்கும், இப்போ பீரோ கதவைத் திறக்குறதே கஷ்டமா இருக்கும், சரியா? கவருக்குள்ள என்ன இருக்குன்னே தெரியாது, ஆனா பயம் மட்டும் மூணு மடங்கு ஆயிடுச்சு. தவிர்க்கத் தவிர்க்க பயம் வளரும், இது எங்க தொழில்ல முதல் வருஷமே படிக்கிற பாடம்.

பேலன்ஸ் பாக்குறதும் அப்படித்தான். ராத்திரி மூணு மணிக்கும் மூணேகாலுக்கும் நடுவுல அக்கவுண்ட்ல என்ன மாறிடப் போகுது. அது பாக்குறது இல்ல, தடவிப் பாக்குறது.

இப்போ சொல்லப்போறது உங்களுக்குக் கொஞ்சம் வலிக்கலாம். கண்ணை மூடிட்டு பைபிளைத் திறக்குறதும் அதே பழக்கத்தோட இன்னொரு உருவம் தான். நல்ல வசனம் வந்தா நிம்மதி, வரலைன்னா மறுபடியும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அப்போ அங்க நீங்க ஆண்டவர் சொல்றதைக் கேக்கல, உங்க பயத்துக்கு ஒரு டோஸ் மருந்து தேடுறீங்க. எத்தனை நேரத்துக்குத் தாங்குது அந்த நிம்மதி? பத்து நிமிஷம்? அதுக்கப்புறம் அந்த வசனமே சந்தேகமாயிடும், இது எனக்குத் தானா, நான் சரியா திறந்தேனா, விரல் பக்கத்து வசனத்துல இல்ல பட்டுச்சுன்னு. இப்படி உறுதி தேடித்தேடி அலையுறது பதட்டத்தை வளக்குற பழக்கம்னு எங்களுக்கு நல்லாவே தெரியும், அது டாக்டர்கிட்ட திரும்பத் திரும்ப ரிப்போர்ட் கேக்குறதா இருந்தாலும் சரி, வேதத்துல விரல் வைக்கிறதா இருந்தாலும் சரி. கொஞ்ச நாளைக்கு விரல் வைக்கிறதை நிறுத்துங்க. ஒரு சங்கீதத்தை எடுத்து முதல்லேர்ந்து கடைசி வரைக்கும் வரிசையா படிங்க, உங்களுக்கு ஏத்த வரி இருக்கோ இல்லையோ. 88ம் சங்கீதம் கூட படிங்க, அது இருட்டுலயே முடியுது, ஒரு நல்ல வார்த்தை கூட கடைசில இல்ல, ஆனாலும் அது ஜெபமா வேதத்துக்குள்ள இருக்கு.

சரி, மூணு மணிக்கு வருவோம். அசீரியா படை எருசலேம் மதில்கிட்ட வந்தப்ப ரப்சாக்கேன்னு ஒருத்தன் நின்னு கத்துறான். எசேக்கியாவோட அதிகாரிங்க அவன்கிட்ட கெஞ்சுறாங்க, ஐயா அரமேய பாஷைல பேசுங்க, எங்களுக்குப் புரியும், மதில் மேல ஜனங்க இருக்காங்க, எங்க பாஷைல பேசாதீங்கன்னு. அவன் வேணும்னே இன்னும் சத்தமா அவங்க தாய்மொழிலயே கத்துறான். உங்க ராஜா உங்களை ஏமாத்துறான், கர்த்தர் காப்பாத்துவார்னு நம்பாதீங்க, மத்த தேசத்து சாமிங்க யாரையாவது காப்பாத்துச்சான்னு. மூணு மணிக்கு உங்களுக்குள்ள பேசுற குரலும் உங்க தாய்மொழில தான் பேசும், உங்க வீட்டு ரகசியம் எல்லாம் அதுக்குத் தெரியும், உங்க பொண்ணு பேரைச் சொல்லியே பேசும். அதனால தான் அது பொய் மாதிரியே இருக்காது.

மதில் மேல இருந்தவங்க என்ன பண்ணாங்க தெரியுமா? ஒரு வார்த்தை பதில் சொல்லல. ஏன்னா ராஜா, அவனுக்கு மறுமொழி சொல்லாதீங்கன்னு கட்டளை குடுத்திருந்தார். எனக்கு இந்த இடம் ரொம்பப் பிடிக்கும். அவன் சொன்னதுல பாதி உண்மை, மத்த தேசம் எல்லாம் விழுந்தது நிஜம், வாதாடப் போனா தோத்துடுவாங்க. அதே தான் உங்களுக்கும். ராத்திரி மூணு மணிக்கு வீடு போயிடுமா போகாதான்னு உங்க பயத்தோட பட்டிமன்றம் நடத்தாதீங்க, ஜெயிக்கவே முடியாது, அது ஒவ்வொரு பதிலுக்கும் ஒரு "அப்படி ஆயிட்டா?" வச்சிருக்கும்.

இதுல உடம்பு சமாச்சாரமும் இருக்கு. ராத்திரியோட பின்பாதில தூக்கம் இயல்பாவே லேசாயிடும், விடியறதுக்கு சில மணி நேரம் முன்னாடியே உடம்புல கார்ட்டிசால்ன்ற ஹார்மோன் ஏற ஆரம்பிச்சுடும், எல்லாருக்கும் தான். கவலைல இருக்கிறவங்களுக்கு அந்த நேரத்துல ஒரு சின்ன முழிப்பு வந்தாலே முழு அலாரமா அடிச்சுடுது. அதனால மூணு மணிக்கு முழிப்பு வர்றதை ஏதோ ஆவிக்குரிய எச்சரிக்கைன்னு எடுத்துக்காதீங்க, உடம்போட கடிகாரம் அது. அந்த நேரம் செய்ய வேண்டியது கொஞ்சம் தான்: போனை வேற ரூம்ல வைங்க (ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடியே, முழிச்சப்புறம் இல்ல), மூச்சை உள்ள இழுக்குற நேரத்தை விட வெளிய விடுற நேரம் நீளமா இருக்கட்டும், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்க, மூச்சு நீளமா வெளிய போகும்போது இதயத்துடிப்பு தானா குறையும். அதுகூட ஒரு சின்ன ஜெபம், ஒரே வரி, "இயேசுவே"ன்னு இழுத்து "இருக்கீங்க"ன்னு விடுங்க, அவ்வளவு தான். பெரிய ஜெபம் வேண்டாம் அந்த நேரத்துல, பெரிய ஜெபம்னு ஆரம்பிச்சா அது அஞ்சு நிமிஷத்துல கவலை லிஸ்டா மாறிடும், எனக்கே மாறியிருக்கு.

கவலைக்கு தனியா ஒரு நேரம் குடுங்க. சிரிக்காதீங்க, இது நிஜமான சிகிச்சை முறை, 1980கள்லேர்ந்து ஆய்வுல இருக்கு. தினமும் சாயங்காலம் ஒரே நேரம், ஒரே நாற்காலி, அரை மணி நேரம், ஒரு நோட்டு. ராத்திரி கவலை வந்தா "நாளைக்கு ஆறு மணிக்கு உனக்கு அப்பாயின்ட்மென்ட் இருக்கு"ன்னு சொல்லி அனுப்பிடுங்க. சாயங்காலம் உக்காந்து எழுதும்போது ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல இது நான் நாளைக்கு ஏதாவது செய்யக்கூடியதா, இல்ல என் கைக்கு மிஞ்சினதான்னு மட்டும் குறிங்க. செய்யக்கூடியதுக்கு ஒரு வேலை, ஒரு நேரம் எழுதுங்க. கைக்கு மிஞ்சினதை வாய்விட்டு ஆண்டவர்கிட்ட சொல்லிட்டு நோட்டை மூடுங்க. முதல் ஒரு வாரம் இது சுத்தமா வேலை செய்யாத மாதிரி தான் இருக்கும்.

இப்போ பீரோ.

எசேக்கியா கைக்கு அந்த லெட்டர் வந்தப்ப அவர் முதல்ல என்ன பண்ணார்னு எத்தனை பிரசங்கத்துல கேட்டிருக்கீங்க? நேரா ஆலயத்துக்கு ஓடல. வாங்கி வாசிச்சார். 19ம் அதிகாரம் 14ம் வசனம், வாசிச்ச பிறகு தான் எடுத்துட்டுப் போய் கர்த்தர் முன்னாடி விரிச்சு வச்சார். சுருட்டின லெட்டரை, சீல் உடைக்காம, பலிபீடத்துல வச்சு "ஆண்டவரே இதுல என்ன இருந்தாலும் நீங்களே பாத்துக்கோங்க"ன்னு சொல்லல. அவர் ஜெபத்தைப் படிச்சுப் பாருங்க, அதுல "நிஜம் தான் ஆண்டவரே, அசீரியா ராஜாக்கள் அந்த தேசங்களை எல்லாம் நாசமாக்கிட்டாங்க"ன்னு ஒத்துக்கிற இடம் வரும். கெட்ட செய்தியை கெட்ட செய்தின்னே சொல்லி ஜெபம் பண்றார். நீங்க பீரோ மேல கை வச்சு தினமும் பண்ற ஜெபத்தை நான் குறை சொல்லல சிஸ்டர், ஆண்டவர் அதையும் கேட்டிருப்பார். ஆனா நீங்க அவர் முன்னாடி வைக்கிறது மூடின பீரோவை. அவருக்கு உள்ள இருக்கிறது தெரியும், உங்களுக்கு தான் தெரியல, அதனால நீங்க எதைக் குறிச்சு ஜெபம் பண்றீங்கன்னு உங்களுக்கே தெரியல.

இதைச் சொல்ற தகுதி எனக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னா, நானும் இதையே பண்ணேன். சில வருஷம் முன்னாடி எனக்கு ஒரு கட்டி இருந்து டெஸ்ட் எடுத்தாங்க, ரிசல்ட் மெயில்ல வரும்னு சொன்னாங்க, வந்துச்சு. தடிச்ச எழுத்துல, படிக்காத மெயிலா, இன்பாக்ஸ்ல முதல் வரில நின்னுட்டு இருக்கு. மூணு நாள் நான் அதைத் திறக்கல. நாள் முழுக்க அடுத்தவங்களுக்கு பயத்தை எதிர்கொள்ளுங்கன்னு சொல்லிட்டு, சாயங்காலம் போனை எடுத்து அந்த மெயிலைப் பாத்து ஸ்க்ரோல் பண்ணி மேல தள்ளிடுவேன். ஆண்டவரே நல்ல ரிசல்ட்டா இருக்கட்டும்னு ஜெபம் வேற, ஏதோ அந்த மெயிலுக்குள்ள எழுத்து இனிமே தான் மாறப் போற மாதிரி. நாலாவது நாள் என் வீட்டுக்காரர்கிட்ட போனைக் குடுத்து நீங்க கூட உக்காருங்க, நான் திறக்குறேன்னு சொன்னேன். ரிசல்ட் நான் ஆசைப்பட்ட மாதிரி இல்ல, ஆபரேஷன் வரைக்கும் போச்சு. ஆனா ஒண்ணு சொல்றேன், திறந்த ராத்திரி நான் தூங்கினேன். திறக்காத மூணு ராத்திரி தான் தூங்கல. அழுதேன் தான், ஆனா அழறதுக்கு ஒரு பேர் இருந்துச்சு, மறுநாள் காலைல போன் பண்ண ஒரு நம்பர் இருந்துச்சு.

லெட்டரைப் பிரிச்சா தான் உங்களுக்கும் அந்த நம்பர் கிடைக்கும். பேங்க் அனுப்புற லெட்டர்ல பெரும்பாலும் ஒரு தேதி இருக்கும், இந்தத் தேதிக்குள்ள பதில் சொல்லுங்கன்னு. அந்தத் தேதிக்கு முன்னாடி போய் நிக்கிறவங்களுக்கு தவணையைக் குறைச்சு வருஷத்தை நீட்டுறது, கொஞ்ச மாசம் தள்ளி வைக்கிறதுன்னு பேச வழி இருக்கலாம், தேதி தாண்டிப் போனா வழி ஒவ்வொண்ணா அடையும். லோன் விஷயம் என் தொழில் இல்ல, அதுக்குத் தெரிஞ்ச ஒருத்தரைக் கூட்டிட்டுப் போங்க.

வேலை செஞ்சா நம்பிக்கை குறைஞ்ச மாதிரி ஆயிடுமோன்னு சில பேருக்குத் தோணும். எருசலேம்ல இன்னைக்கும் ஒரு சுரங்கம் இருக்கு, 533 மீட்டர் நீளம், பாறையைக் குடைஞ்சது, எசேக்கியா காலத்துதுன்னு பெரும்பாலான ஆய்வாளர்கள் சொல்றாங்க. முற்றுகை வந்தா ஊருக்குள்ள தண்ணி வேணும்னு வெளிய இருந்த ஊற்றை உள்ள திருப்பிக் கொண்டு வந்தார். ரெண்டு முனைலேர்ந்தும் ரெண்டு குரூப்பா வெட்டிட்டு வந்து நடுவுல சந்திச்சாங்க, கொஞ்ச தூரம் இருக்கும்போது பாறைக்கு அந்தப் பக்கம் ஆள் கூப்பிடுற சத்தம் கேட்டுச்சுன்னு அங்கேயே சுவர்ல வெட்டி வச்சிருந்தாங்க, அந்தக் கல்வெட்டை 1880ல கண்டுபிடிச்சாங்க. ஆலயத்துல லெட்டரை விரிச்ச அதே ராஜா தான் உளியும் சுத்தியலும் குடுத்து ஆள் அனுப்பியிருக்கார். அதே சமயம் ஏசாயா 22ல ஒரு கோபமும் இருக்கு, மதிலைப் பாத்தீங்க, தண்ணியைத் தேக்கினீங்க, ஆனா இதை எல்லாம் உண்டாக்கினவரை நோக்கலையேன்னு. சுரங்கம் வெட்டினதுக்குக் கோபம் இல்ல, சுரங்கத்தை மட்டும் பாத்ததுக்குக் கோபம். உங்க பிரச்சினை அது இல்ல, நீங்க நேர் எதிர்ப்பக்கம் நிக்கிறீங்க, அதனால உங்களுக்கு நான் உளியைத் தான் குடுப்பேன்.

நீங்க கேக்காத ஒரு கேள்வி நீங்க எனக்கு எழுதின லெட்டருக்குள்ள ஒளிஞ்சிருக்கு. நம்பினா வீடு போகாம இருக்குமா அக்கான்னு. நான் அதுக்கு ஆமான்னு சொல்ல மாட்டேன், சொல்றவங்களை நம்பாதீங்க. எருசலேம் தப்பிச்சது, ஆனா அதே கி.மு. 701 படையெடுப்புல யூதாவோட 46 கோட்டை ஊர்களைப் பிடிச்சேன்னு சனகெரிப் தன்னோட களிமண் பட்டயத்துல எழுதி வச்சிருக்கான், லாகீஸ் விழுந்ததை தன் தலைநகர் நினிவேல அரண்மனையோட ஒரு அறைச் சுவர் முழுக்க சிற்பமா செதுக்கி வச்சிருந்தான், சாமான் மூட்டையோட ஜனங்க வெளிய நடந்து போறது அதுல இருக்கு. லாகீஸ்ல இருந்தவங்க ஜெபம் பண்ணியிருக்க மாட்டாங்களா? எனக்கு இதுக்கு விளக்கம் இல்ல, இருபது வருஷமா இல்ல. நம்பிக்கைன்றது முடிவு நல்லா வரும்னு ஒரு இன்சூரன்ஸ்னு எடுத்துக்கிட்டா லாகீஸ்கிட்ட வந்து அது உடைஞ்சுடும். தானியேல் புஸ்தகத்துல நெருப்புச் சூளைக்கு முன்னாடி நின்ன மூணு பேர் எங்க தேவன் எங்களை விடுவிக்க வல்லவர்னு சொல்லிட்டு, அடுத்த மூச்சுல "விடுவிக்காமற்போனாலும்"னு ஒரு வார்த்தை சொல்றாங்களே, எனக்கு அந்த ரெண்டாவது வார்த்தை தான் ஒவ்வொரு கஷ்டத்துலயும் கைக்குக் கிடைக்குது. வீடு இருந்தாலும் அவர் கூட இருக்கார், வாடகை வீட்டுக்குப் போனாலும் கூட இருக்கார்ன்றதுக்கு மேல என்னால ஒண்ணும் சொல்ல முடியாது. மூணு மணிக்கு இது பத்தாதுன்னு தோணும். தோணட்டும்.

டாக்டரைப் பாருங்க, இதைத் தள்ளிப் போடாதீங்க. உங்க வயசுல தைராய்டு அதிகமா சுரந்தாலும் இதே படபடப்பு வரும், ரத்தத்துல இரும்புச்சத்து குறைஞ்சாலும் வரும், மாதவிடாய் நிக்கப்போற காலம் நெருங்கும்போதும் ராத்திரி இப்படி முழிப்பு தட்டும். ரத்தப் பரிசோதனைல பாதி தெரிஞ்சுடும். எல்லாம் நார்மல்னு வந்து, ஆறு மாசத்துக்கு மேல பெரும்பாலான நாள் இந்தக் கவலை இருக்குன்னா அதுக்கு சிகிச்சை இருக்கு, பேச்சு சிகிச்சையும் இருக்கு, தேவைப்பட்டா மாத்திரையும் இருக்கு. மாத்திரை சாப்பிட்டா விசுவாசக் குறைவுன்னு அந்த சிஸ்டர் சொன்னாங்கன்னா அவங்க கண்ணாடி போட்டிருக்காங்களான்னு மட்டும் பாருங்க.

இன்னொண்ணு, நீங்க எழுதல, ஆனா நான் கேக்காம விடக்கூடாது. இப்படியே தூங்கி எழுந்திருக்காம போயிட்டா நல்லா இருக்கும்னு எப்பவாவது தோணியிருக்கா? தோணியிருந்தா, ஒரு தடவை தான்னாலும், இன்னைக்கே டாக்டர்கிட்டயோ வீட்ல ஒருத்தர்கிட்டயோ வாய் விட்டு சொல்லுங்க, என் பதிலை முழுசா படிச்சு முடிக்கக் கூட காத்திருக்க வேண்டாம். எலியா தீர்க்கதரிசியே சூரைச்செடிக்குக் கீழ படுத்துட்டு போதும் கர்த்தாவே, என் உயிரை எடுத்துக்கோங்கன்னு கேட்டவர் தான். தூதன் வந்து திட்டல, தட்டி எழுப்பி சாப்பிடச் சொன்னான், மறுபடியும் தூங்க விட்டான், மறுபடியும் எழுப்பி சாப்பிடச் சொன்னான்.

வீட்டுக்காரர்கிட்ட சொல்லணுமான்னு நீங்க கேக்கல, ஆனா சொல்லணும். அவர் உடைஞ்சு போயிடுவார்னு நீங்க ஒளிக்கிறீங்க, அவரும் உங்களுக்காக எதையோ ஒளிச்சு வச்சிருப்பார்னு தான் நான் நினைக்கிறேன், எட்டு மாசம் பேங்க்ல இருந்து ஒரு லெட்டர் கூட வரலையேன்னு பிசினஸ் நடத்தின மனுஷனுக்குத் தோணாமலா இருக்கும்? எசேக்கியா கூட தனியா சமாளிக்கல, இரட்டு (துக்கத் துணி) உடுத்தின அதிகாரிகளை ஏசாயா தீர்க்கதரிசிகிட்ட அனுப்பி எங்களுக்காக ஜெபம் பண்ணுங்கன்னு கேட்டார். வீட்டுக்காரர்கிட்ட ராத்திரி சொல்லாதீங்க. லீவு நாள் காலைல, பொண்ணு வெளிய போனப்புறம், ரெண்டு பேரும் முகம் கழுவி உக்காந்திருக்கும்போது, "உங்களை நம்பாம இல்ல, பயந்துட்டேன், அதான் மறைச்சேன்"னு ஆரம்பிங்க. அவர் கோபப்படலாம், கொஞ்ச நேரம் கோபப்பட விடுங்க.

அப்புறம் மூணு கவரையும் மேஜை மேல வைங்க. கை வச்சு ஜெபம் பண்ணணும்னா பண்ணுங்க, சின்னதா, ஒரு நிமிஷம், அதுக்கு மேல போனா அது தள்ளிப் போடுறது. பழசுலேர்ந்து வரிசையா பிரிக்காதீங்க, கடைசியா வந்ததை முதல்ல பிரிங்க, இப்போ நிலைமை எங்க நிக்குதுன்னு அதுல தான் இருக்கும், மத்த ரெண்டும் பழைய கதை. கையால கிழிக்காம கத்தரிக்கோலால ஓரத்தை வெட்டுங்க, உள்ள தேதி இருக்கிற மூலை கிழிஞ்சு போயிடக்கூடாது. ஒருத்தர் சத்தமா படிங்க, இன்னொருத்தர் கையில பேனாவும் நோட்டும் இருக்கட்டும், தேதியும் போன் நம்பரும் மட்டும் எழுதிக்கோங்க. எழுதினதை என்ன பண்றதுன்னு அன்னைக்கே முடிவு பண்ண வேண்டாம், திங்கட்கிழமை பேங்க் திறக்கும்.